பால் ஹார்மோன் படுத்திய பாடு

போன ஆடி மாதம், ஒரு மத்தியானம். சாப்பாட்டுக் கடையை முடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, 'அப்பாடா' என்று தலையைச் சாய்க்கப் போனேன். வாசலில் ஆட்டோ சத்தம். எட்டிப் பார்த்தால் என் நாத்தனார் பெண்! கரூரிலிருந்து தன்னந்தனியாக வந்திருக்கிறாள். மாற்றுப் புடவைகூட எடுத்து வரவில்லை. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் மட்டும்.

"என்ன கண்ணு, திடுதிப்புனு? மாப்பிள்ளை வரலையா?" என்றேன்.

"அத்தே, எனக்கு மூளையில கட்டியாம்..." என்றவள், அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கை கால் வெலவெலத்துப் போயிற்று. ஒரு சொம்பு மோர் கரைத்துக் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, மெள்ள மெள்ள விஷயத்தை வாங்கினேன்.

கல்யாணமாகி மூன்று வருஷம். இன்னும் குழந்தை இல்லை. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்காத வாய் அந்தத் தெருவிலேயே கிடையாது. மாமியார் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார். ஏழெட்டு ரத்தப் பரிசோதனை. மற்றதெல்லாம் சரியாக இருக்க, 'புரோலாக்டின்' என்ற ஒன்று மட்டும் 82 என்று வந்துவிட்டது. 25க்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். "இந்த ஹார்மோன் அதிகமானா கருமுட்டை சரியா வெளியே வராது. மூளைக்கு அடியில சின்னதா கட்டி இருந்தாலும் இப்படி ஏறும். எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்று சொல்லி, வாரம் இரண்டு வேளை மாத்திரையும் எழுதியிருக்கிறார் டாக்டர்.

டாக்டர் சொன்னது 'இருந்தாலும்'. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது அது 'இருக்கலாம்' ஆயிற்று. வீட்டுக்கு வந்து சேரும்போது 'இருக்கிறது' ஆகிவிட்டது! நம் வீடுகளில் செய்தி சமைவது இப்படித்தானே?

மாத்திரை போட்டதும் குமட்டல், தலைசுற்றல். அடுப்புக்கு முன்னால் நிற்க முடியவில்லை. மூன்று வாரத்தில் தானாகவே நிறுத்திவிட்டாள். ஸ்கேனுக்குப் பணம் புரட்ட, ஒரு ஜோடி வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. "நோயோடயே கட்டிக் குடுத்துட்டாங்க போலிருக்கு" என்று மாமியார் யாரிடமோ போனில் பேசியது காதில் விழுந்ததாம். அன்றைக்குத்தான் பஸ் ஏறிவிட்டாள்.

நான் சொன்ன அசட்டு வைத்தியம்

பிளாஸ்டிக் கவரில் இருந்த காகிதங்களைப் பார்த்துவிட்டு, "இது பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்தான் அத்தே" என்றாள். உடனே என் மூளை வேலை செய்தது. "அப்போ ஒண்ணு செய். இனிமே காப்பி, பால், தயிர் எதையும் தொடாதே. தானா இறங்கிடும்" என்று உத்தரவு போட்டேன். பெரிய வைத்தியர் மாதிரி!

சாயந்திரம் காலேஜிலிருந்து வந்த என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பு படிக்கிறாள். நான் பிளஸ் டூவோடு நின்றவள். அதனால் வீட்டில் விஞ்ஞானம் பேச அவளுக்குத்தான் உரிமை.

"அம்மா, நீ குடிக்கிற பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இது நம்ம உடம்பு தானே செய்யறது" என்றாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அங்கேதான் இந்தப் புரோலாக்டின் உற்பத்தி. அமினோ அமிலம் என்ற மணிகள் 199ஐக் கோத்த சரம் அது. எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும், ஆண்கள் உட்பட. கர்ப்ப காலத்தில் பத்து மடங்குகூட ஏறும். குழந்தை மார்பில் வாய் வைக்கும்போதெல்லாம் ஏறி இறங்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்கள் பலருக்கு மாதவிலக்கு தள்ளிப் போவதற்கு இதுவும் காரணம். கர்ப்பமும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை என்கிறபோது இது கூடினால், மாதவிலக்கு தாறுமாறாகும்; கரு உண்டாவதும் கஷ்டம். ஆகவே முதல் டாக்டர் பயந்ததில் தப்பில்லை.

அப்புறம் அவள் கேட்டாள் ஒரு கேள்வி: "அக்காவுக்கு மாசாமாசம் சரியா வருதில்லே? அப்புறம் எப்படி 82?"

அதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை.

எண் அதிகம், ஆள் யார்?

மறுவாரம் திருச்சியிலேயே ஒரு ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயதான அம்மாள். காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெண்ணைப் பார்த்தார்.

"மாசாமாசம் சரியா குளிக்கிறியாம்மா?"

"ஆமா டாக்டர். இருபத்தெட்டு, முப்பது நாளைக்கு ஒரு தடவை."

"மார்பில பால் மாதிரி ஏதாவது கசியுதா? தலைவலி? பக்கவாட்டுல பார்வை மங்குதா?"

எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே பதில். வாந்திக்கோ, வயிற்று உப்புசத்துக்கோ, மனநோய்க்கோ மாத்திரை சாப்பிட்டது உண்டா என்றும் கேட்டார். டோம்பெரிடோன், மெட்டாகுளோபிரமைடு போன்ற வாந்தி மாத்திரைகளும், சில மனநோய் மாத்திரைகளும்கூட புரோலாக்டினை ஏற்றுமாம். தைராய்டு குறைந்தாலும் ஏறுமாம். ஊசிக்குப் பயந்து நடுங்கினால்கூடக் கொஞ்சம் ஏறுமாம்!

பிறகு சொன்னார்: "உடம்பு ஒண்ணு சொல்லுது, காகிதம் வேற ஒண்ணு சொல்லுது. இப்படி முரண்பட்டா, அந்த ஹார்மோன் எந்த உருவத்துல இருக்குனு பார்க்கணும். மாத்திரையை நிறுத்தினது நிறுத்தினபடியே இருக்கட்டும். ஒரு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்போம். ஸ்கேனுக்கு அவசரம் இல்லை."

ஹார்மோனுக்கு உருவமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். "இங்கிலீஷ்ல அடுக்காதே. எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். அவள் சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன்.

புரோலாக்டின் ரத்தத்தில் ஒரே உருவத்தில் சுற்றுவதில்லை. தனி ஆளாக இருப்பது சின்னது. வேலை செய்வது இதுதான். இரட்டையாகச் சேர்ந்தாற்போல் ஒன்று நடுத்தரம். மூன்றாவது மகாப் பெரியது. சின்னதைப் போல ஆறு மடங்குக்கும் மேலே எடை. இதற்குத்தான் 'மேக்ரோ புரோலாக்டின்' என்று பெயர். பெரும்பாலும் இது என்ன தெரியுமோ? நோய்க் கிருமிகளைப் பிடிப்பதற்காக நம் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன இல்லையா? அவற்றில் ஒன்று ஆள் தெரியாமல் புரோலாக்டினையே கட்டிப் பிடித்துக்கொண்டுவிடுகிறது. கட்டுண்ட ஹார்மோன் பருமனாகிவிடுவதால் ரத்தக் குழாயின் சுவரைத் தாண்டி வெளியே போய் வேலை செய்ய முடிவதில்லை. சிறுநீரகமும் அதைச் சீக்கிரம் வெளியேற்றுவதில்லை. வேலையும் செய்யாமல், வீட்டை விட்டும் போகாமல், ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றிச் சேர்ந்துபோகிறது.

ஆனால் பரிசோதனைக் கருவிக்கு இது தெரியாது. அது புரோலாக்டினின் ஒரு பகுதியை அடையாளம் வைத்துக்கொண்டு எண்ணுகிறது. வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி, வீட்டில் எத்தனை பேர் என்று கணக்குப் போடுகிற மாதிரி. உள்ளே அம்மியில் அரைக்கிறவர் எத்தனை பேர், திண்ணையில் காலை நீட்டிப் படுத்திருப்பவர் எத்தனை பேர் என்று செருப்பு சொல்லுமா?

ஒரு குடும்பத் தலைவியின் கண்டுபிடிப்பு

இப்படி ரத்தத்தில் ஹார்மோனை எண்ணும் வித்தையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஒரு பெண் என்று என் மகள் சொன்னபோது, எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே பெருமையாக இருந்தது. அவர் பெயர் ரோசலின் யாலோ. 1921ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தவர். தாய் தகப்பன் இருவருமே ஹைஸ்கூலைக்கூட எட்டிப் பார்க்காதவர்கள். பௌதிகம் படித்த பெண்ணுக்கு மேற்படிப்பில் இடம் கிடைப்பது அந்தக் காலத்தில் குதிரைக் கொம்பு. அதனால் ஒரு விஞ்ஞானியிடம் காரியதரிசி வேலையில் சேர்ந்து, சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டார். பிறகு இடம் கிடைத்தது. இரண்டு குழந்தைகளையும் வளர்த்துக்கொண்டு, நியூயார்க்கில் ஒரு ராணுவ வீரர்கள் ஆஸ்பத்திரியில், சாலமன் பெர்சன் என்ற டாக்டரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் இன்சுலின் ஏன் மெதுவாக மறைகிறது என்று 1950களில் அவர்கள் பார்த்தார்கள். அங்கேயும் இதே கதைதான்! எதிர்ப்புப் புரதம் இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ளும் அந்தக் குணத்தையே கருவியாக்கி, ஒரு சொட்டு ரத்தத்தில் உள்ள துளியூண்டு ஹார்மோனைக்கூட அளக்கும் முறையை உண்டாக்கினார்கள். 1970ல், வயிற்றில் அமிலம் சுரக்க வைக்கும் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனில் பெரிய உருவம் ஒன்றும் ரத்தத்தில் சுற்றுவதைக் கண்டு சொன்னவர்களும் இவர்களே. பெர்சன் 1972ல் காலமானார். யாலோ 1977ல் நோபல் பரிசு வாங்கினார். மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற இரண்டாவது பெண்மணி அவர்.

மனுஷர்களின் புரோலாக்டினைத் தனியாக அளக்க முடிந்ததும் 1970களின் தொடக்கத்தில், இந்த வித்தையால்தான். அதற்கு முன்னால் மனுஷருக்குத் தனியாகப் புரோலாக்டின் உண்டா, இல்லை வளர்ச்சி ஹார்மோன்தான் அந்த வேலையையும் செய்கிறதா என்பதிலேயே குழப்பம் இருந்தது.

திரிந்த பால் மாதிரி ஒரு சோதனை

சரி, திண்ணையில் படுத்திருப்பவரையும் வேலை செய்கிறவரையும் எப்படிப் பிரிப்பது? இங்கேதான் நமக்குத் தெரிந்த சமையலறை வித்தை வருகிறது.

கொதிக்கிற பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் என்ன ஆகிறது? திப்பி திப்பியாகத் திரிந்து கீழே நிற்கிறது. மேலே தெளிந்த நீர் நிற்கிறது. அதே மாதிரி, ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரோடு 'பாலிஎதிலீன் கிளைகால்' என்ற பொருளின் கரைசலைச் சரிக்குச் சரி கலக்கிறார்கள். (பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் சில பொடிகள் இதே இனம்தான்.) பருமனான எதிர்ப்புப் புரதங்களும், அவை கட்டிப் பிடித்திருக்கும் ஹார்மோனும் திரிந்துவிடும. குழாயை வேகமாகச் சுழற்றினால் அவை அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவில், தனி ஆளாக இருக்கும் சின்னப் புரோலாக்டின் மிஞ்சும். அந்தத் தெளிவை மறுபடி அளக்க வேண்டும். பாதிக்குப் பாதி கலந்து நீர்த்துவிட்டதால், வருகிற எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். அவ்வளவே!

முதலில் வந்த எண்ணில் நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக மிஞ்சினால், பெரிய உருவமே அதிகம் என்று அர்த்தம். அறுபதுக்கு மேல் மிஞ்சினால், நிஜமாகவே வேலை செய்யும் ஹார்மோன்தான் கூடியிருக்கிறது. நடுவில் வந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. திரியும்போது சின்னதிலும் கொஞ்சம் கீழே இழுபட்டுப் போவதுண்டு என்பதால், இது நூற்றுக்கு நூறு துல்லியமான கணக்கும் அல்ல.

இதைவிடத் துல்லியமான முறை ஒன்றும் இருக்கிறது. நுண்ணிய ஓட்டைகள் நிறைந்த மணிகளை நீளமான குழாயில் அடைத்து, அதன் வழியாக ரத்தத் தெளிநீரை இறங்க விடுவார்கள். சமயபுரம் திருவிழாக் கடைவீதியில் குழந்தையோடு நடந்திருக்கிறீர்கள் அல்லவா? பெரியவர்கள் நேரே நடந்து வீதிக் கோடிக்குப் போய்விடுவோம். குழந்தையோ ஒவ்வொரு வளையல் கடை, பலூன் கடையாக நுழைந்து நுழைந்து கடைசியில்தான் வந்து சேரும். அப்படித்தான் இங்கேயும்: ஓட்டைக்குள் நுழைய முடியாத பெரிய உருவம் முதலில் இறங்கிவிடும், சின்ன உருவம் ஒவ்வொரு ஓட்டையாகப் புகுந்து புறப்பட்டுக் கடைசியில் வரும். செலவும் நேரமும் அதிகம். அதனால் சாதாரணமாகத் திரிக்கும் சோதனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து

இரண்டாவது தடவை எடுத்த ரத்தத்தில் மொத்தம் 78 வந்தது. என் நாத்தனார் பெண் முகம் செத்துப் போயிற்று. "இரும்மா, இன்னொரு வரி இருக்கு" என்று டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். திரித்த பிறகு மிஞ்சியது 12. நூற்றுக்குப் பதினைந்துதான்! நிஜமாக வேலை செய்யும் புரோலாக்டின் எல்லோருக்கும் இருக்கிற அளவே இருந்தது. கட்டியுமில்லை, மாத்திரையும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம் என்றார். சும்மா எடுத்துப் பார்ப்பதிலும் சங்கடம் உண்டாம். ஒரு தொந்தரவும் இல்லாத ஜனங்களிலேயே பத்தில் ஒருவர் போல பிட்யூட்டரியில் சின்ன நிழல் தெரியுமாம். அதைப் பார்த்துவிட்டு இன்னும் பத்து வருஷம் பயந்து சாக வேண்டியதுதான்.

"முதல் டாக்டர் ஏன் இதைப் பார்க்கலை?" என்று ஆதங்கத்தோடு கேட்டேன். "சில லேபுல, எண் கூடினா தானாவே இதையும் பார்த்துடுவாங்க. சில இடத்துல டாக்டர் கேட்டாத்தான் செய்வாங்க. கேட்கணும்னு நமக்குத் தோணணும்" என்றார். யாரையும் குறை சொல்லவில்லை. புரோலாக்டின் அதிகம் என்று வருகிறவர்களில், கருவியைப் பொறுத்து, பத்தில் ஒருவரிலிருந்து நான்கில் ஒருவர் வரை இந்தப் பெரிய உருவத்தால்தானாம். தொந்தரவு எதுவும் இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால் இதைப் பார்ப்பது நல்லது என்று அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2011லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

எழுந்து வரும்போது டாக்டர் சாவதானமாகக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மாப்பிள்ளையும் போனார். தங்கமான பிள்ளை, முகம் கோணவில்லை. என்ன வந்தது என்பது அவர்கள் இரண்டு பேர் விஷயம்; எழுத மாட்டேன். வளையல் கைக்குத் திரும்பிவிட்டது. அவள் வயிறாரச் சாப்பிடுகிறாள். காப்பி, பால், தயிர் உட்பட! 'விசேஷம்' இன்னும் இல்லை. ஆனால் சம்பந்தியம்மா இப்போது போனில் அப்படிப் பேசுவதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. மாதவிலக்கு நின்றாலோ தாறுமாறானாலோ, கைக்குழந்தை இல்லாமல் பால் கசிந்தாலோ, ஓயாத தலைவலியோ பார்வைக் குறைவோ இருந்தாலோ, 'இதுவும் அந்தப் பெரிய உருவமாகத்தான் இருக்கும்' என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போங்கள். நிஜமாகவே புரோலாக்டின் கூடியிருந்தால், காரணத்தைப் பொறுத்து ஸ்கேனும் மாத்திரையும் தேவைப்படலாம்; அவற்றால் நல்ல குணமும் கிடைக்கிறது.

2. இரண்டு உருவமும் ஒருவருக்கே சேர்ந்தாற்போல் கூடியிருக்கலாம். அதனால் 'பெரிய உருவம் இருக்கிறது' என்ற ஒரு வரியோடு விடாமல், திரித்த பிறகு மிஞ்சிய எண் எவ்வளவு, அது சரியான அளவா என்று கேளுங்கள்.

3. ரத்தம் கொடுப்பதற்கு முன் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். முக்கியமாக மனநோய் மாத்திரைகளை. கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

4. ஒரே ரத்தம் வேறு வேறு கருவியில் வேறு வேறு எண்ணைக் காட்டலாம். எந்த லேப், எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள்.

5. மேக்ரோ புரோலாக்டின் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அந்தக் காகிதத்தை நகைப் பெட்டியில் வையுங்கள். அது வருஷக்கணக்கில் அப்படியே இருப்பதுண்டு. அடுத்த டாக்டரும் மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்காமல் இருக்க அந்தக் காகிதம் உதவும்.

என் நாத்தனார் பெண்ணும் அப்படித்தான் செய்திருக்கிறாள். மீட்டு வந்த வளையலும் அந்தக் காகிதமும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. "எது அத்தே விலை கூட?" என்று போன வாரம் சிரித்துக்கொண்டே கேட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்ததைக் கேட்டேன்.

வரட்டுமா சகோதரிகளே? அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். அது திரியாமல் இருக்க வேண்டும்!